அடுத்தது யார் என்று குளவிக்குத் தெரியும்

கோவைப் பக்கத்துச் சிறு பவுண்டரிகளில் காலையில் முதல் அச்சு அடிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை நடக்கும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கலந்து குவித்த மணலிலிருந்து மூத்த மோல்டர் ஒரு பிடி அள்ளி இறுக்குவார், கையை விரித்துப் பார்ப்பார். விரல்தடம் அச்சாகப் பதிந்திருக்க வேண்டும். உள்ளங்கையில் ஈசிக்கொள்ளக் கூடாது. அந்த உருண்டையை இரண்டாக உடைப்பார். முனை உதிராமல் நின்றால் வேலை தொடங்கலாம். உதிர்ந்தால், "இன்னுங் கொஞ்சம் தண்ணி தெளி கண்ணு" என்பார்.

அந்த மணலில் இருக்க வேண்டிய ஈரம் பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். கூடிவிட்டால், உருகிய இரும்பு பட்டதும் நீராவி கிளம்பி வார்ப்புக்குள் குமிழி விழும். குறைந்தால் அச்சின் ஓரம் உதிர்ந்து மணல் இரும்போடு கலக்கும். ஈரத்தை அளக்கக் கருவி உண்டு, அது விலைக்கும் கிடைக்கிறது. ஆனால் கருவி சொல்வது ஈரத்தை மட்டுமே. மோல்டரின் கையோ ஈரம், களிமண்ணின் பிடிப்பு, மணலின் சூடு, அது எத்தனை முறை இரும்பு பட்டு வெந்த மணல் என்பது எல்லாவற்றையும் கூட்டி ஒரே பதிலாகச் சொல்லிவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "கையில பிடிச்சாத் தெரியும்" என்பார். மழுப்புவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை முழுக்கவே சொல்லிவிட்டார்.

பதினைந்து இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒருவர்தான் இருப்பார். அவர் ஒருநாள் போய்ச் சேர வேண்டியவர்தான், வீட்டுக்கு. அதற்கான கணக்கைச் சட்டம் துல்லியமாக வைத்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் விதித்தது, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். இந்த வாய்பாட்டைப் போட்டால் முப்பது ஆண்டுக்கு எவ்வளவு என்று நொடியில் வந்துவிடும். அவரோடு சேர்ந்து வெளியே போகும் மற்றொன்றை எப்படிக் கணக்கிடுவது? சிறு நிறுவனங்கள்தான் இதில் தடுமாறுகின்றன என்று நினைக்கத் தோன்றும். ராணுவத்துக்கு உலகிலேயே அதிகம் செலவழிக்கும் நாடும் தடுமாறியிருக்கிறது.

அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களின் டிரைடன்ட் ஏவுகணைகளில் பொருத்தப்படுவது டபிள்யூ-76 என்ற அணுகுண்டு முனை. அதற்குள் ஃபாக்பேங்க் என்று பெயரிட்ட ஒரு பொருள் இருக்கிறது. அது என்ன என்பது ரகசியம். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் நகரில் 1970-களிலும் 80-களிலும் அதைச் செய்தார்கள். போதுமான அளவு செய்து முடித்ததும் ஆலையை மூடினார்கள். பிறகு 2000-ஆம் ஆண்டை ஒட்டி, பழைய குண்டுமுனைகளைப் புதுப்பித்து ஆயுளை நீட்டிக்க முடிவெடுத்தபோது ஃபாக்பேங்க் மறுபடி தேவைப்பட்டது. அப்போதுதான் தெரிந்தது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஓய்வு பெற்றோ விலகியோ போய்விட்டார்கள் என்று. செய்முறைக் குறிப்புகளும் சொற்பமே. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2009 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதைப் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறது. புது ஆலை கட்டினார்கள், கிடைத்த குறிப்புகளை வைத்துச் செய்தும் பார்த்தார்கள். வந்த பொருள் சரியில்லை. சிக்கலைத் தீர்க்கச் சுமார் 7 கோடி டாலர் கூடுதலாகச் செலவாயிற்று. திட்டமும் ஓராண்டு தள்ளிப்போனது.

கடைசியில் கண்டுபிடித்த காரணம்தான் விசித்திரம். பழைய காலத்தில் வாங்கிய மூலப்பொருளில் ஒரு கலப்பு இருந்தது. பொருளின் தரத்துக்கு அந்தக் கலப்பே காரணமாக இருந்திருக்கிறது. புதிய ஆலையிலோ மூலப்பொருளை முன்னைவிட நன்றாகச் சுத்திகரித்தார்கள், அழுக்கோடு அதன் குணமும் போயிற்று. பழைய ஆட்களுக்கு இது தெரியுமா என்றால், அவர்களுக்கும் தெரியாது. அவர்களை அழைத்து உட்காரவைத்து மாதக்கணக்கில் கேள்வி கேட்டிருந்தாலும் இந்தப் பதில் வந்திருக்காது. சரியாகச் செய்தார்கள், ஏன் சரியாக வந்தது என்பதை அறியாமலே செய்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் "எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்" என்று முடிப்பார்கள். எழுதி வைப்பது நல்லதுதான், ஆனால் இங்கே எழுதியவருக்கே தெரியாத ஒன்றல்லவா தொலைந்திருக்கிறது? என் கணக்கில் ஆள் போனதைவிடப் பெரிய கேடு, போனவருக்கும் வந்தவருக்கும் நடுவே விழுந்த இடைவெளி. ஆலை ஓடிக்கொண்டே இருந்து, பழையவர் பக்கத்தில் புதியவர் நின்றிருந்தால், மூலப்பொருள் மாறிய அன்றே பொருள் கெட்டிருக்கும். என்ன மாறியது என்று அன்றே தேடியும் இருப்பார்கள்.

எழுத்தில் ஏறாத இந்த அறிவை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ். 1970-களின் தொடக்கத்தில் கனடாவிலிருந்து ஒரு புதுவகை லேசர் அறிவிக்கப்பட்டது. அதன் வரைபடங்களும் கட்டுரைகளும் அச்சில் வந்துவிட்டன, பிரிட்டனின் பல ஆய்வகங்கள் அதைச் செய்ய முனைந்தன. எந்த ஆய்வகம் வென்றது, எது தோற்றது என்று காலின்ஸ் போய் விசாரித்தார். கட்டுரையை மட்டும் படித்து வேலை செய்யும் லேசரைக் கட்டியவர் ஒருவர்கூட இல்லை. ஏற்கெனவே கட்டியவரோடு பழகியவர்கள் கட்டினார்கள். கட்டியவரைத் தெரிந்த, ஆனால் தானே கட்டாத இடைத்தரகரிடம் கேட்டவர்களுக்கும் கைகூடவில்லை. பின்னால் தெரிந்த ஒரு நுணுக்கம், மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குப் போகும் கம்பி குட்டையாக இருக்க வேண்டும் என்பது. நீளம் ஒரு பொருட்டு என்று கட்டியவர்களுக்கே முதலில் தோன்றவில்லை. ஒருவரைப் பார்த்து மற்றவர் அதேபோல் பொருத்தினார், கம்பி தானாகக் குட்டையாயிற்று, லேசர் வேலை செய்தது. இரண்டு பேருக்கும் தெரியாமலே ஓர் அறிவு கைமாறியிருக்கிறது!

அதே காலின்ஸ் பிற்பாடு எழுதிய இன்னொரு கதை இதைவிட ருசியானது. ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவிகளுக்கு, தட்டினால் நெடுநேரம் அதிரும் பொருள் தேவைப்பட்டது. நீலக்கல் படிகம் அப்படி அதிரும் என்று மாஸ்கோவில் விளாதிமீர் பிராகின்ஸ்கியின் குழு அளந்து வெளியிட்டிருந்தது. மேற்கு நாடுகளின் ஆய்வகங்களில் அந்த அளவு வரவே இல்லை. இருபதாண்டு அளவுக்கு அப்படியே கிடந்தது. ரஷ்யர்கள் சொல்வதை நம்புவதா என்றே சிலர் ஐயப்பட்டார்கள். 1990-களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் மாஸ்கோவுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். படிகத்தைத் தொங்கவிடும் நூல் எது, அதற்கு எவ்வளவு கொழுப்புத் தடவ வேண்டும், வெற்றிடத்தில் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. கொழுப்பு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். மாஸ்கோக்காரர் ஒருவர் சில நேரம் நூலைத் தன் மூக்குத்தண்டின் மீதோ காதுக்குப் பின்னாலோ ஒரு இழுப்பு இழுத்து எடுப்பார். அந்த எண்ணெய்ப் பிசுக்கே அளவாகப் போதும். எந்த ஆய்விதழ்க் கட்டுரையில் இதை எழுத முடியும்? கிளாஸ்கோவில் 1999-இல் அந்த அளவு கிடைத்தது.

கைக்குத் தெரிந்தது வாய்க்கு ஏன் வருவதில்லை? மூளையைக் கேட்டால் ஓரளவு விடை கிடைக்கிறது. ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பை நிறுத்த அறுவைச் சிகிச்சை செய்து, மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரையே மறந்துவிடுவார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். இடம் வலமாகும் கஷ்டமான வேலை அது. முதல் நாள் கோடு தாறுமாறாகப் போயிற்று. மூன்றாம் நாள் சீராக வந்தது. ஆனால் இதை முன்பு செய்ததாகவே மோலைசனுக்கு ஞாபகம் இல்லை. தன் கை இவ்வளவு சுலபமாகப் போவதைப் பார்த்து அவரே வியந்தார்.

நிகழ்ச்சிகளையும் பெயர்களையும் சேமிக்கும் வழி வேறு, கைப்பழக்கத்தைச் சேமிக்கும் வழி வேறு என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. பழக்கம் சிறுமூளையிலும் மூளையின் அடியாழத்துக் கணுக்களிலும் படிகிறது. அங்கிருந்து சொற்களுக்கு நேர்ப்பாதை கிடையாது. ஓய்வு பெறப்போகும் மேஸ்திரியிடம் நோட்டும் பேனாவும் கொடுத்து "உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்" என்றால், முதல் வழியில் சேர்ந்தது மட்டும் தாளில் வரும். நாலு பக்கம் எழுதிவிட்டு அவர் நிறுத்திவிடுவார். அது அசட்டையும் இல்லை, தொழில் ரகசியத்தை மறைப்பதும் இல்லை. வயதானவர்கள் வேலையைச் சொல்லித் தர மாட்டார்கள் என்ற புகாரில் பாதிக்கு இதுவே பதில். மீதிப் பாதி உண்மையாகவும் இருக்கலாம்; சொல்லிக் கொடுத்த மறுமாதமே தன்னை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்ச ஒருவருக்குக் காரணம் இருந்தால், அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஒருவர் போகும்போது அவருக்குத் தெரிந்தது மட்டும் போவதில்லை. 'இது யாருக்குத் தெரியும்' என்று மற்றவர்கள் வைத்திருக்கும் ஞாபகமும் பாழாகிறது. அமெரிக்காவில் லியாங், மோர்லண்ட், ஆர்கோட் ஆகிய மூவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பேர் கொண்ட குழுக்களுக்கு ரேடியோ பூட்டும் வேலையைக் கொடுத்தார்கள். சில குழுக்கள் சேர்ந்தே பயின்றவை. மற்றவற்றில் தனித்தனியாகப் பயின்றவர்களைப் பிறகு ஒன்றுசேர்த்தார்கள். பயிற்சி ஒன்றுதான், ஆனாலும் ஒரு வாரம் கழித்துச் சேர்ந்து பயின்றவர்களே அதிகம் நினைவு வைத்துப் பிழை குறைவாகப் பூட்டினார்கள். சர்க்யூட் பகுதியை அவளிடம் விடலாம், முடுக்குகிற வேலைக்கு இவன் என்று பேசாமலே பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடைக்காரர் சொன்ன தேதியில் சரக்கு அனுப்புவார், எந்தப் பம்பு கம்பெனி பில்லை மூன்று மாதம் இழுக்கும், பழைய லேத்துக்கு எங்கே தட்டினால் ஓடும் என்பதையெல்லாம் சிறு கம்பெனியில் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. "அண்ணனைக் கேட்டுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அண்ணன் போன அன்று எல்லோருடைய தலையிலும் ஒரு மூலை காலியாகிறது.

யானைக் கூட்டத்துக்கு இது புதிதல்ல. கென்யாவின் அம்போசெலியில் காரன் மக்கோம்பும் உடன் ஆய்ந்தவர்களும் 2001-இல் காட்டியது, வயது முதிர்ந்த தலைவி இருக்கும் கூட்டம் பழகிய யானையின் குரலையும் அன்னியக் குரலையும் நன்றாகப் பிரித்தறிகிறது, அந்தக் கூட்டத்தில் கன்றுகளும் கூடுதலாகத் தேறுகின்றன என்பதை. தான்சானியாவின் தரங்கிரியில் 1993-இல் கடும் வறட்சி வந்தது. ஒன்பது மாதத்தில் 81 கன்றுகளில் 16 செத்தன. பூங்காவை விட்டு வெளியே போன கூட்டங்களில் சாவு குறைவு. உள்ளேயே தங்கிவிட்ட கூட்டத்தில் அதிகம். தங்கிவிட்டது, தந்தத்துக்காக வேட்டையாடியவர்களிடம் தன் மூத்த பெண் யானைகளை இழந்திருந்த கூட்டம். 1958 முதல் 1961 வரை அங்கே ஒரு பெரும் வறட்சி இருந்தது. வெளியே நடந்த கூட்டங்களில் அதைக் கன்றாகவோ இளம் யானையாகவோ பார்த்தவை மிச்சம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் அறிவை, அது தேவைப்படாத இருபத்தொன்பது ஆண்டும் ஒருத்தி சுமந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இனி, வாரிசு யார் என்ற கேள்வி. இதில் என்னை மிகவும் அசத்தியது பெங்களூரில் நடந்த ஆராய்ச்சி. இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஒரே ஒரு குளவி இனத்தைப் பின்தொடர்ந்தார்: ரோபலிடியா மார்ஜினேட்டா. தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணக்கூடிய, காகிதம்போல் மெல்லிய கூடு கட்டும் குளவி. ஒரு கூட்டில் இருப்பவை சில பத்து. நம் சிறு கம்பெனி அளவுதான். ராணி ஒருத்தி, முட்டையிடுபவளும் அவள் மட்டுமே. ஆனால் பார்த்தால் ராணி என்று தெரியாது. அதட்டுவதில்லை, கடிப்பதில்லை, ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் இருக்கிறாள் என்பதை உடலில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள் மற்றவர்களுக்கு உணர்த்துகிறது.

அந்த ராணியை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் கூடு மாறுகிறது. அதுவரை கூட்டத்தோடு கூட்டமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, ஒரே ஒருத்தி, திடீரென்று ஆக்ரோஷமாகிறாள். மற்றவர்களை அதட்டுகிறாள், யாரும் எதிர்ப்பதில்லை. ராணியைத் திரும்ப வைத்தால் அவள் மறுபடி அடங்கி வேலைக்காரி ஆகிவிடுவாள். வைக்காவிட்டால் ஒரு வாரம் அளவில் முட்டையிடத் தொடங்கிவிடுவாள், ஆக்ரோஷமும் மெல்லத் தணிந்துவிடும். சரி, ராணி இருக்கும்போதே அந்த ஒருத்தியை அடையாளம் காண முடியுமா? உடல் பருமன், நடத்தை, சூலக வளர்ச்சி என்று எல்லாவற்றையும் அளந்தும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆய்வாளர்களுக்குத் தெரியவில்லை, சரி. குளவிகளுக்குத் தெரியுமா?

அனிந்திதா பத்ராவும் கடக்கரும் 2008-இல் வெளியிட்ட சோதனை இதற்காகவே அமைந்தது. கூட்டைக் கம்பிவலையால் இரண்டாகப் பிரித்து, ராணியை ஒரு பக்கம் விட்டார்கள். ராணி இல்லாத பக்கத்தில் ஒருத்தி தலையெடுத்தாள். பிறகு ராணியை இந்தப் பக்கத்துக்கு மாற்றி, தலையெடுத்தவளை அந்தப் பக்கம் வைத்தார்கள். சில கூடுகளில் அந்தப் பக்கமும் அவளை முணுமுணுப்பின்றி ஏற்றது. சிலவற்றில் அவளை ஏற்கவில்லை, வேறொருத்தி எழுந்தாள். அந்த இரண்டாமவளை இருபுறமும் ஏற்றன. எல்லாக் கூட்டிலும், கூடு முழுவதற்கும் சம்மதமான ஒருத்தி முன்னமே இருந்தாள், அவளை யாரும் தாக்கவில்லை. 2012-இல் அலோக் பாங்கும் கடக்கரும் இதை இன்னும் நீட்டினார்கள். ராணியை எடுத்து, அடுத்து வந்தவளையும் எடுத்து, அதற்கு அடுத்தவளையும் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து பேர் வரை வரிசையாக வந்தார்கள். ஒருமுறைகூடக் கைகலப்பு இல்லை. வயது கூடியவள் முந்தும் போக்கு தெரிந்தது, ஆனால் கண்டிப்பான விதியாக இல்லை. குளவிகள் எதை வைத்து அந்த வரிசையை அறிகின்றன என்பது இன்னும் புதிர்.

ராணிக் குளவி மேனேஜர் இல்லை, முதலாளியும் இல்லை. ஒப்பிடுவதற்கு ஓர் எல்லை உண்டு. வாரிசை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியும் என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். முதலாளி தன் அறையில் உட்கார்ந்து சான்றிதழையும் வருகைப் பதிவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஆளும், மணல் சரியில்லை என்றால் பையன்கள் ஓடிப்போய்க் கேட்கும் ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதைச் சடங்காகவே ஆக்கிக்கொண்ட இடம் ஜப்பானின் இசே. அங்குள்ள ஷின்டோ ஆலயத்தை இருபதாண்டுக்கு ஒருமுறை, பக்கத்திலேயே உள்ள காலி மனையில், அச்சு மாறாமல் புதிதாகக் கட்டுகிறார்கள். முதல் முறை கி.பி. 690-இல், 2013-இல் நடந்தது 62-ஆவது. ஒரு தச்சர் இளவயதில் எடுபிடியாக ஒருமுறை, நடுவயதில் உளி பிடித்து ஒருமுறை, முதுமையில் மேற்பார்வைக்கு ஒருமுறை பார்த்துவிடலாம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கும் மேலாக இந்தத் தொடர் அறுந்துபோய், பிறகு மீண்டும் தொடங்கியதும் உண்டு. அறுந்ததைக் கட்டுவது எவ்வளவு பாடு என்று ஓக் ரிட்ஜ்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சிறு நிறுவனத்துக்கு இருபதாண்டு கட்டுபடியாகாது. இரண்டு பேருக்கு ஒரே வேலைக்குச் சம்பளம் கொடுப்பதே சுமை. ஆனால் குளவிச் சோதனையை ஏறக்குறையச் செலவில்லாமல் செய்துபார்க்கலாம். மேஸ்திரிக்கு ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போதே ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து, மகள் வீட்டுக்கோ காசிக்கோ அனுப்பலாம். போனில் யாரும் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஓய்வு பெற்றபின் போன் இருக்கும், அவர் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது அல்லவா? அந்த ஒரு மாதத்தில் எது நின்றுபோகிறது, எந்த வேலை திரும்பி வருகிறது, எந்தச் சாவி யாரிடமும் இல்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வரலாம். பையன்கள் யாரிடம் போய் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான். அப்படி நிற்கப்பட்டவரை, மேஸ்திரி திரும்பி வந்த அன்றிலிருந்து மிச்சமிருக்கும் மாதங்களுக்கு அவர் பக்கத்திலேயே போட வேண்டும். அவர் மணலைப் பிடித்துப் பார்த்த பிறகு இவரும் அதே மணலைப் பிடித்துப் பார்க்க வேண்டும், தினமும்.